செப்புக்கு இரண்டு பொருள்

நான் பத்திர எழுத்தர். பெயர் கோதண்டபாணி. திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் முப்பத்தோரு வருஷமாக ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லைப் பக்கம் என்பதால் பழைய பத்திரங்களில் தெலுங்குப் பத்திரங்களும் நிறைய வரும். அவற்றைத் தமிழாக்கி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் இரண்டையும் எண் போட்டு எழுதிவிடுவேன். நானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். நாளைக்கு வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் யார் பதில் சொல்வது? இதனால் என்னை நானே பெரிய நேர்மைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேர்மையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட! பஞ்சாட்சரத்தை இருபத்திரண்டு நாள் உள்ளே வைத்தது அதுதான்.

பஞ்சாட்சரம் என் சித்தப்பா மகள் வரலட்சுமியின் வீட்டுக்காரன். ஆர்.கே.பேட்டையில் இன்னொருவர் கொட்டகையில் விசைத்தறி ஓட்டினான். எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவுக்கு வந்தால் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவன் என்னை பாவா என்று கூப்பிடுவான். மனைவியின் அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் பேசிக்கொண்டதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அது ஏற்கெனவே பாதித் தமிழ்தான்.

பதினாறு வயதிலிருந்து எட்டுத் தறிகளுக்கு நடுவே நின்றவனுக்குக் காது என்ன கதியாகும்? பாதி போய்விட்டது. அதனால் அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. டீக்கடையில் அவன் "சர்க்கரை கம்மியா" என்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "உன் வீட்டுக்காரன் ரகசியம் பேசுனா அரக்கோணம் வரைக்கும் கேக்குது" என்று வரலட்சுமியை நாங்கள் கிண்டல் செய்யாத கல்யாணம் கிடையாது. அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தக் குரலுக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் கபடி மைதானம். அவன் ஒரு நாளும் கோட்டைத் தொட்டதில்லை. பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆனால் அவன் வராவிட்டால் ஆட்டம் சப்பென்று இருக்கும் என்று ஆடுகிற பையன்களே சொல்வார்கள். நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்கார மாட்டான். கேலரியில் மூன்றாவது படி, நடுவில். மைக் வைத்துப் பேசுகிறவனை மைக் இல்லாமலே அமுக்கிவிடுவான். சூடு ஏறிவிட்டால் தமிழ் போய்விடும், தெலுங்கு வந்துவிடும். அமுங்கிக் கிடக்கிற ஆட்டக்காரனைப் பார்த்து "லே நைனா, லே!" என்பான். எழுந்திருப்பா, எழுந்திரு என்று அர்த்தம். கூட்டமும் கூடவே "லே, லே" என்று கத்தும். தெலுங்கே தெரியாதவர்களும் கத்துவார்கள்.

பக்கத்தில் அவன் மகள் பானுப்ரியா உட்கார்ந்திருப்பாள். பிளஸ் ஒன் படித்தாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியில் அவளும் உண்டு. மூலையில் நின்று காலைப் பிடிக்கிறவள். அவள் பிடித்தால் உடும்பு மாதிரி, விடவே மாட்டாள். "நைனா, கத்துனது போதும், தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டுவாள். அவன் குடித்துவிட்டு மறுபடி கத்துவான். எனக்குக் கபடி பிடிக்காது. அவர்கள் இருவரையும் பார்ப்பது பிடிக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், காணும் பொங்கல். ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு ஊர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், நான் இன்னும் பத்திரம் எழுதிப் பிழைக்க வேண்டும். போட்டியை நடத்தியவர் சாமிநாதன் என்கிற கட்சிக்காரர். பேனர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கேலரி கட்டியது அவருடைய மச்சான். பந்தல் வேலைக்காரன். சவுக்குக் கம்பு, பலகை, கயிறு. கே.ஜி.கண்டிகை அணிப் பையன் ஒருவன் ரெய்டு போய், நாலு பேர் அமுக்கி, நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு கிடந்தான். தொட்டால் ஜெயிப்பு. பஞ்சாட்சரம் கத்தினான், "லே நைனா, லே!" கேலரி முழுக்க "லே! லே!" என்று கத்திக்கொண்டே எழுந்தது.

கம்பு ஒடிந்ததற்குப் பெரிய சத்தம் இல்லையாம். கயிறு அறுகிற மாதிரி ஒரு கிர்ரென்ற சத்தம், பிறகு மண்ணும் பலகையும். ஏழு பேருக்கு எலும்பு முறிந்தது. அடுத்த ஆட்டத்துக்காகக் காலில் பட்டை கட்டிக்கொண்டு கேலரியின் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்த பானுப்ரியாவின் மேல் இரண்டு படிப் பலகையும், அதில் இருந்த ஆட்களும் விழுந்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டாள். பதினாறு வயசு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியத்தன்று சாமிநாதன் வந்தார். அவர் வீட்டிலும் தெலுங்குதான். பஞ்சாட்சரத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "விசாரணை நடக்குது. என்ஜினீயர் அறிக்கை வரட்டும். கம்பு மேல தப்புன்னா கம்பு மேல தப்பு, யாரா இருந்தாலும் வுடமாட்டேன். அதே கிரவுண்டுல, ஊர் ஜனம் முன்னாடி நானே சொல்றேன்" என்றார். அழவும் செய்தார். வெளியே போய்க் காரில் ஏறும்போது நின்றவர்களிடம் வேறு மாதிரி சொன்னார். "இத்தினி பேரு ஒரே நேரத்துல எய்ந்து நின்னா எந்தக் கேலரிப்பா தாங்கும்? இவுரும் கொஞ்சம் ஓவராத்தான் கத்திட்டாரு."

கார்ப் பக்கத்தில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஆர்.கே.பேட்டை முழுக்கப் போய்விட்டது. யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டீக்கடையில் அவன் வந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். ஆனால் வரலட்சுமி ஒரு நாள் சொல்லிவிட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டே, "உன் வாயாலதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிவிட்டாள். என்னிடம் அவளே சொல்லி அழுதாள். "நான் முழுசா சொல்லல அண்ணா, பாதிதான் சொன்னேன்" என்றாள். பாதி போதாதா?

அன்றிலிருந்து பஞ்சாட்சரத்துக்கு மெதுவாகப் பேச வந்துவிட்டது. தறி ஓடும்போது அவன் வாய் அசைவது மட்டும் தெரியுமாம், சத்தம் கேட்காதாம். என்னிடம் வந்தான். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, "பாவா, எனக்கு ஒண்ணு தெரியணும். கம்பா, கத்தலா?" என்றான்.

"இன்னாடா மாப்ள இது, கம்புதான். மக்குன கம்பு" என்றேன்.

"அது நீங்க சொல்றது. அறிக்கையில இன்னா போட்டுருக்குது? நான் கத்துனதாலதான் எம் பொண்ணு போனாளா? அப்டின்னா அப்டின்னு யாராவது சொல்லட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். ரெண்டுல ஒண்ணு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். நிவாரணம் கேட்கவில்லை, யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. நான் நாலு மனு எழுதினேன். நாலுக்கும் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'விசாரணை முடிவடையாததால் நகல் வழங்க இயலாது' என்று வந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் அவன் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். "சாமிநாதன் சொல்றேன்னாரே பாவா. சொல்லுவாரு" என்பான்.

அடுத்த காணும் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். அதே மைதானம். 'பானுப்ரியா நினைவுச் சுழற்கோப்பை.' சாமிநாதனின் முகம் ஒரு கதவு அளவுக்கு. கீழ் மூலையில் எங்கள் குழந்தை, பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், தபால்தலை அளவுக்கு. அடப் பாவிகளா, செத்த குழந்தையையும் விடவில்லையே! கிழித்துப் போடலாம் என்று கையை நீட்டினேன். பஞ்சாட்சரம் தடுத்தான். "வுடுங்க பாவா. பொண்ணு மூஞ்சி கீது. அதே கிரவுண்டுதானே? அன்னைக்குச் சொல்லுவாரு" என்றான்.

மேடையில் நாற்காலி போடுகிறோம், கோப்பையை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். வேண்டாம், நான் எப்பவும் போலக் கேலரியில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டான். "கூடப் போ அண்ணா, எனக்குப் பயமா கீது" என்று வரலட்சுமி கெஞ்சியதால் நானும் போனேன். இந்தத் தடவை கேலரி இரும்புக் குழாயில் போட்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் ஏறுவதற்கு முன் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"இரும்பு போட்டுருக்கான் பாவா" என்றான். "அப்ப அவனுக்குத் தெரியும்."

மத்தியானம் மூன்று மணி. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் சாமிநாதன் மைக்கைப் பிடித்தார். விளையாட்டு, இளைஞர் சக்தி, தமிழர் வீரம் என்று கால் மணி நேரம் பேசினார். "நம்ம வீட்டுப் பொண்ணு பானுப்ரியா" என்று குரலைத் தழுதழுக்க வைத்தார். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாஸ் போட நாணயத்தை எடுத்தார். அப்போது பஞ்சாட்சரம் எழுந்தான். எழுந்தவன் முதலில் திரும்பிக் கேலரியைப் பார்த்துக் கும்பிட்டு, "யாரும் எய்ந்திரிக்காதீங்க. உக்காந்தே இருங்க" என்றான். பிறகு மேடையைப் பார்த்தான்.

"ஐயா, அறிக்கை இன்னா ஆச்சு? கம்பா, கத்தலா? செப்பண்டி" என்றான்.

செப்பண்டி என்றால் சொல்லுங்கள். மரியாதை. கும்பிட்ட கையை இறக்காமல் மூன்று தடவை கேட்டான். மைதானம் அமைதியாகிவிட்டது. ஆடுகிற பையன்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சாமிநாதனைப் பார்த்தார்கள். அவர் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், சிரித்தார். மைக்கில், "மேட்ச்ச ஆரம்பிங்கப்பா, டைம் ஆவுதுல்ல" என்றார்.

அந்தச் சிரிப்புதான். ஒரு வருஷமாக எங்கே போயிருந்ததோ, பஞ்சாட்சரத்தின் பழைய குரல் வந்துவிட்டது. "செப்பு!" என்று ஒரு சத்தம். மரியாதையைக் கழற்றி எறிந்த சத்தம். சொல்லுடா என்று அர்த்தம். மேல் படியில் ஒரு கிழவர் "செப்பு" என்றார். அப்புறம் தறிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், கண்டிகையிலிருந்து வந்த கூலிக்காரர்கள், கேலரி முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டு "செப்பு! செப்பு! செப்பு!" நானும் சொன்னேன். அறுபத்திரண்டு வயசில் முதல் தடவையாகக் கூட்டத்தோடு கத்தினேன். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. அதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

சாமிநாதனுக்கு அந்தச் சொல் புரியாதா? தாய்மொழி அய்யா அவருக்கு! மைக்கில் தமிழில் சொன்னார், "செருப்பு செருப்புன்றானுங்க. கட்சிக் கொடி கட்டுன மேடைக்குச் செருப்பு காட்டறானுங்க. போலீஸ் பார்த்துக்கினு நிக்குது!" தெலுங்கில் காலில் போடுகிற செருப்புக்கும் செப்பு என்றுதான் பெயர். அந்த ஆள் அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே, இரண்டில் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டார். என்னைப் போல எண் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை.

போலீஸ்காரர்கள் தடியோடு படியேறினார்கள். அதற்குப் பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஓடினோம். நானும் ஓடினேன். பஞ்சாட்சரத்தை விட்டுவிட்டு ஓடினேன். கரும்புக் கொல்லையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோதுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. வெறுங்காலோடு திருத்தணி பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதிப் பேர் வெறுங்கால். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. தெலுங்கு மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிடுவது புதிதல்ல. கடைத்தெருவில் புதுச் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் தெற்கத்திக்காரர், இந்தப் பக்கம் வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். பஞ்சாட்சரம் எனக்கு உறவு என்றும் அவருக்குத் தெரியாது, நான் முந்தின நாள் அந்தக் கேலரியில் இருந்தேன் என்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

"உக்காருங்கய்யா. இந்தாளு செப்பு செப்புன்னு கத்துனதா எல்லாரும் சொல்லுதாங்க. எங்க ஊர்ல செப்புன்னா சின்னப் பிள்ளைக வச்சு வெளையாடுத சாமான். இங்க அதுக்கு என்ன அர்த்தம்?"

மேசைக்குப் பின்னால், சுவரோரம், சாக்கில் குவித்து வைத்திருந்தார்கள். செருப்பு. மைதானத்தில் பொறுக்கியது. நூற்றுக்கு மேல் இருக்கும். சிலதில் சீட்டு கட்டியிருந்தது. ஓடுகிற ஜனம் விட்டுவிட்டுப் போன செருப்பு, வீசுவதற்குக் கொண்டுவந்த செருப்பாக ஆகிவிட்டது. அந்தக் குவியலின் மேலேயே கிடந்தது என் இடது கால் செருப்பு. கட்டை விரல் வார் அறுந்து நான் கறுப்பு நூலால் தைத்தது. புதுச் செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

கம்பிக்குப் பின்னால் பஞ்சாட்சரம் நின்றிருந்தான். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பாவா வந்துவிட்டார், பாவாவுக்கு இரண்டு மொழியும் தெரியும், இனி சரியாகிவிடும் என்று நினைத்திருப்பான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'சொல்' என்று அர்த்தம். ஒரே வார்த்தை. அது பொய்யும் இல்லை. ஆனால் முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், அதற்கு மேல் அந்தச் செருப்பைப் பார்த்த பயம். இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளில் என் கை தானாக எழுதியது. 'செப்பு என்னும் தெலுங்குச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 1. காலணி, செருப்பு. 2. சொல், கூறு.' பெயர்ச்சொல்லை முதலில் எழுதிவிட்டு வினைச்சொல்லை அடுத்து எழுதுவேன். அதுவும் என் வழக்கம்தான். கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பைப் பையிலேயே வைத்திருந்தேன், பாருங்கள்.

இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். முதல் வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். "ரொம்ப உதவிங்கய்யா" என்றார்.

நான் எழுந்து வரும்போது கம்பிக்குப் பின்னாலிருந்து பஞ்சாட்சரம் கேட்டான், ரொம்ப மெதுவாக. "ஒரு அர்த்தம் மட்டும் சொல்லக் கூடாதா பாவா?"

பஸ்ஸில் வரும்போது பொதட்டூர்பேட்டைத் திருப்பத்தில்தான் எனக்கு உறைத்தது. அட மடையா, தமிழிலேயே செப்பு என்றால் சொல் என்றுதானே அர்த்தம்! ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியுமே! செப்பினான் என்று செய்யுளில் படிக்கவில்லையா? தெலுங்குக்குப் போகவே வேண்டாமே. தமிழ்நாட்டில், தமிழ் மைதானத்தில், ஒருவன் தமிழில் சொல் என்று கேட்டான் என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தச் சாக்குக் குவியல் கண்ணுக்குள் நின்றது. கோழை. வேறு என்ன சொல்ல?

'மொழிபெயர்ப்பாளர் சான்றின்படி' என்று வழக்கில் என்னைக் காட்டித்தான் எழுதினார்கள். கலவரத்தைத் தூண்டியது, போட்டியைக் குலைத்தது, தலைவர் மேல் செருப்பு வீசச் சொல்லிக் கூட்டத்தை ஏவியது. இரண்டாவது பொருள் எங்கேயும் இல்லை. வக்கீல் அந்த விடுபட்ட பொருளைக் காட்டி வாதாடித்தான் இருபத்திரண்டாம் நாள் ஜாமீன் வாங்கினார். வழக்கு முடிகிறவரை தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விளையாட்டுப் போட்டி, பொதுக்கூட்டம் எதற்கும் போகக் கூடாது. தறிக் கொட்டகைக்காரர், "எனக்கும் நாலு பேரு தயவு வேணும்பா, கோச்சிக்காத" என்று நிறுத்திவிட்டார்.

யோசிக்க யோசிக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதே வாய், அதே கேலரி, அதே மூன்றாவது படி. "லே" என்று கத்தியபோது விசிலடித்தார்கள். "செப்பு" என்றபோது விலங்கு போட்டார்கள். ஆடுகிறவனைப் பார்த்துக் கத்தினால் ரசிகன், ஆட்டத்தை நடத்துகிறவனைப் பார்த்துக் கேட்டால் ரவுடி. பார்க்க வந்தவன் வாயைக் கை தட்டுவதற்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களா என்ன?

என் பாவத்தைக் கழுவ நான் ஒன்று செய்தேன். மேல்முறையீடு மேல் மேல்முறையீடாக எழுதி, சென்னைக்கு மூன்று தடவை ரயிலேறிப் போய் நின்று, அந்த அறிக்கையின் நகலை வாங்கினேன். ஆடி மாசம் தபாலில் வந்தது. இரண்டு பக்கம், இங்கிலீஷ். கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கேலரி விழுந்ததற்குக் காரணங்கள் என்று இரண்டு எண் போட்டிருந்தது. ஒன்று, பார்வையாளர்கள் திடீரென ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. இரண்டு, அடிக்கம்புகளும் கயிறும் மக்கிப் போயிருந்தது.

அந்த என்ஜினீயரும் என் ஜாதிதான், எண் போடுகிற ஜாதி. கபடி பார்க்க வருகிறவன் எழுந்து நிற்காமல் என்ன தியானமா செய்வான்? எழுந்து நிற்பான் என்று தெரிந்துதானே கேலரி கட்ட வேண்டும்? மக்கின கம்புக்கு இரண்டாம் இடம், மனுஷன் எழுந்ததற்கு முதல் இடமா? எனக்கு இதெல்லாம் புரிகிறது. ஆனால் முதல் எண்ணைக் கேட்டுவிட்டுப் பஞ்சாட்சரம் ராத்திரி எப்படித் தூங்குவான்?

சொல்லி அனுப்பியிருந்தேன், மூன்றரை மணிக்கு வந்தான். கையெழுத்துப் போடப் போவதற்கு முன்னால். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். தாளை மேசை மேல் விரித்தேன். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"கம்புதான் மாப்ள. மக்குன கம்புன்னு தெளிவா எழுதியிருக்கான். கத்தலப் பத்தி ஒரு வார்த்தை இல்ல" என்றேன். குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. விரலை முதலில் ஒன்றின் மேல் வைத்தான், பிறகு இரண்டின் மேல் வைத்தான்.

"ரெண்டு காரணம் போட்டுருக்குதே பாவா. ஒண்ணு இன்னா, ரெண்டு இன்னா?" என்றான். நான் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து டிராயருக்குள் போட்டேன். அவன் தலையை நிமிர்த்தி, மைதானத்தில் முதல் மூன்று தடவை கேட்ட அதே மாதிரி, கையைக் கூப்பி வைத்துக்கொண்டு சொன்னான். "செப்பண்டி பாவா."

செப்பண்டிக்கு ஒரே பொருள்தான்.

"ஒண்ணு கம்பு" என்றேன். "ரெண்டு கயிறு."

வெளியே தாலுகா ஆபீசில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தாளை எடுத்து, பழைய மனுப் பதில்களை மடித்த மாதிரியே நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தான்.

"இந்த வாட்டி ஒரே அர்த்தமாத்தான் சொன்னீங்க பாவா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டான். மணி நாலாகப் போகிறது, ஐந்துக்குள் போகாவிட்டால் ஜாமீனை ரத்து செய்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.